ஆரம்பம் என்று எழுதிய அட்டை

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நாலையும் சொல்வேன். ஐந்தாவது வார்த்தைக்கு என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

வீட்டில் எங்களுக்குப் பெரியவள், சின்னவள் என்றே பெயர். நான் மூத்த மருமகள், மாடியில் இருக்கிறேன். அவள் என் கொழுந்தன் மனைவி, பள்ளி ஆசிரியை, கீழே இருக்கிறாள். பதினாறு வருஷமாக ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே வாசல் கதவு, ஒரே மாமியார். எங்களுக்குள் ஒரு நாள்கூட வாய்ச்சண்டை வந்ததில்லை. வந்திருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஆசிரியர் பயிற்சி மையத்தில் கிழக்காசியப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றதும் ஒரு தளம், பத்துப் பேர் என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒரு மேஜை, ஒரு பீரோ, ஆறு தகரப் பெட்டிகள், நான். சீனா, ஜப்பான், கொரியா நாடுகளின் வரலாற்றையும் வாழ்க்கையையும் வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பள்ளி ஆசிரியர்களுக்கு வருஷம் ஒரு தடவை ஆறு நாள் பயிற்சி நடத்துவேன். பிறகு கேட்கிற பள்ளிகளுக்குப் பெட்டியை இரவல் அனுப்புவேன். உள்ளே மை உரைக்கும் கல், தூரிகைகள், மணிச்சட்டம், தேநீர்க் கிண்ணங்கள், விசிறி, பழைய ஓவியங்களின் நகல்கள். திரும்பி வரும்போது ஒரு கிண்ணம் உடைந்திருக்கும். விசிறியில் யாரோ ஒரு பையன் தன் பெயரை எழுதியிருப்பான்.

பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சான்றிதழுக்காக வருகிறவர்கள். பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மணிக்கு பஸ்ஸைப் பிடிப்பார்கள். "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா மேடம்?" என்பார்கள். மீதிப் பாதி ஆர்வக்கோளாறு. பிள்ளைகளுக்கு விசிறி செய்யக் கற்றுக்கொடுத்து, குச்சியால் மணி பொறுக்க வைத்து, ஜப்பான் முடிந்தது என்று கைதட்டுவார்கள். அதற்கு நான் 'விசிறிப் பாடம்' என்று பெயர் வைத்திருந்தேன். பதினோரு வருஷமாக அந்த விசிறிப் பாடத்தை ஒழிக்கத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். அந்த நாடுகளில் ஒன்றில்கூட என் கால் பட்டதில்லை. எல்லாம் புத்தகத்தில் படித்தது.

அதனால்தான் அந்த வெளிநாட்டுப் பயணத்துக்கான ஒரு இடம் எனக்கு அத்தனை முக்கியம். எங்கள் மையத்துக்கு உதவுகிற அறக்கட்டளை ஒன்று இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒருவரை மூன்று வாரப் படிப்புப் பயணத்துக்கு அனுப்பும். ஜப்பானில் இரண்டு வாரம், கொரியாவில் ஒரு வாரம். முந்தைய தடவைகளில் வேறு பிரிவுக்காரர்கள் தட்டிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் இயக்குநர் வந்து, "இந்த வருஷம் பள்ளி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க. மாதிரி வகுப்பு எடுக்கணும். தேர்வுக் குழு வந்து பார்க்கும்," என்றார்.

மூன்று பேர் விண்ணப்பித்தோம். ஒருவர் பாதியில் விலகிக்கொண்டார். மிஞ்சியது நானும் சின்னவளும்.

அவளை இந்தத் துறைக்குள் இழுத்து வந்ததே நான்தான் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அவளுடைய தலைமையாசிரியை கட்டாயப்படுத்திப் பயிற்சிக்கு அனுப்பினாள். இருந்த நேரமெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுத் திருத்தினாள். எனக்கு எரிச்சல், ஆனால் வீட்டு ஆளிடம் என்ன சொல்வது? போகட்டும் என்று விட்டேன். இரண்டு மாதம் கழித்து அவள் பெட்டி கேட்டாள். நான் அனுப்பினேன். பிறகு மற்றப் பள்ளிகளிலிருந்து எனக்குத் தொலைபேசி வர ஆரம்பித்தது.

"மேடம், அந்த டீச்சர் வகுப்பை நேர்ல பார்த்தோம். என்னமா எடுக்கறாங்க! அவங்களை ஒரு நாள் எங்க ஸ்கூலுக்கு அனுப்ப முடியுமா?"

அவள் என்ன செய்தாள் என்று விசாரித்தேன். மை உரைக்கும் கல்லை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து, தண்ணீர் விட்டு, அது கறுப்பாகிற வரை மைக்கட்டியை மாறி மாறி உரைக்கச் சொல்லியிருக்கிறாள். இருபது நிமிஷம். பேச்சே கிடையாது. பிறகு, "இவ்வளவு பாடுபட்டு மை செஞ்சா, நீங்க முதல் வார்த்தையா என்ன எழுதுவீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அந்தக் கல்லைப் பதினோரு வருஷமாக நான் கண்ணாடித் தாளில் சுற்றி, கையில் எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு வேறு நாகரிகமான வார்த்தை இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கான வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவள் நான். நாளடைவில் சந்தேகங்கள் எல்லாம் அவள் பெயரைக் குறிப்பிட்டு வர ஆரம்பித்தன. அவள் ஒவ்வொன்றுக்கும், "எனக்குத் தெரியலை, அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்று எழுதுவாள். அதைப் படிக்கும்போது இன்னும் எரியும். இயக்குநர் ஒரு நாள் தேநீர் நேரத்தில், "அவங்க உங்க ஓரகத்தியாமே! இவ்வளவு நாளா சொல்லவே இல்லையே?" என்றார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

என் மாதிரி வகுப்பு முதலில் நடந்தது. பழைய சீனாவில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க நடந்த பரீட்சைகள் என்பது பாடம். நிமிஷக் கணக்குப் போட்டு எடுத்தேன். எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் நிற்கவில்லை. குழுவில் மூன்று பேர்: எங்கள் இயக்குநர், ஒரு வரலாற்றுப் பேராசிரியர், அறக்கட்டளையிலிருந்து வந்த ஒரு அம்மாள். 'மிக முழுமையான பாடம்' என்று பேராசிரியர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். அறக்கட்டளை அம்மாள் இரண்டு முறை கொட்டாவியை அடக்கியதையும் பார்த்தேன்.

அடுத்த வாரம் அவள் முறை. நாள் நெருங்கியபோது மாடிக்கு வந்தாள்.

"அக்கா, அந்த நீளப் படத்தை வச்சு எடுக்கலாம்னு இருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் ஒட்டிடுவேன். ஒரு எட்டு வந்து பார்த்துடுங்களேன். நீங்க பார்த்துட்டா எனக்கு நிம்மதி."

நீளப் படம் என்று அவள் சொன்னது ஒரு ஜப்பானியச் சுருள் ஓவியத்தின் நகல். வரைந்தவர் யார் என்று தெரியாது. அப்படிப்பட்ட சுருளை மேஜையில் வைத்து, ஒரு கை நீளம் மட்டும் விரித்து, பார்த்து முடித்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். முப்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்காது. அதனால் பன்னிரண்டு தாள்களாகப் பெரிதாக அச்சிட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். ஓரங்களைப் பொருத்தி ஒட்டினால் ஒரு சுவர் நீளத்துக்கு வரும். ஒரு முனையில் ஆட்கள் நிறைந்த பெரிய வீடு, வாசலில் தழைத்த மரம். பிறகு மாட்டுவண்டி, அதில் ஒரு பெண், பின்னால் ஒரு நாய். நடுவில் ஆறு. அதைத் தாண்டி மலை. மறுமுனையில் இலை உதிர்ந்த மரத்தடியில் ஒரு குடிசை. அதற்கப்புறம் இரண்டு முழம் வெறும் தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வகுப்புக்குப் போனேன். பெஞ்சுகளை ஒதுக்கியிருந்தாள். நீளச் சுவர் முழுக்கப் படம், கோணல் இல்லாமல், தாளுக்குத் தாள் மயிரிழை பிசகாமல் ஒட்டியிருந்தாள். இடது ஓரத்தில், குடிசைப் பக்கம், கரும்பலகைக்கு அருகில் ஒரு மஞ்சள் அட்டை: 'ஆரம்பம்.' வலது ஓரத்தில், பெரிய வீட்டுப் பக்கம், கதவருகே இன்னொரு அட்டை: 'முடிவு.' மேலே பாடத்தின் தலைப்பு: 'வீடு திரும்புதல்.'

தலைகீழ். அந்தச் சுருள்களை வலமிருந்து இடமாகத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெண் வீடு திரும்பவில்லை, வீட்டை விட்டுப் போகிறாள்.

இது அவளுக்கு ஏன் தெரியவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். சுருள் ஓவியம் பற்றிய வகுப்பைப் பயிற்சியின் ஐந்தாம் நாள் பிற்பகல் எடுத்தேன். அன்றைக்கு மாமியாரைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. "எனக்கு வகுப்பு இருக்கு, நீ கூட்டிட்டுப் போயேன்," என்று அவளை அனுப்பியவள் நான். பெட்டியிலிருந்த விளக்கக் கையேடு முந்தின பள்ளியில் தொலைந்துபோனது. வேறு நகல் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடாதவளும் நான்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும். இரண்டு அட்டைகளையும் இடம் மாற்றி, தலைப்பைக் கிழித்து எழுத ஐந்து நிமிஷம். அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை, விரலில் ஒட்டியிருந்த டேப்பைப் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அந்தப் பேராசிரியர் உள்ளே நுழைந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த அட்டையைப் பார்ப்பார். அந்தக் காட்சி என் மனதுக்கு இதமாக இருந்தது. மறைப்பானேன்?

"நல்லா ஒட்டியிருக்கே. அந்த மூலை மட்டும் தூக்குது பாரு. இன்னும் கொஞ்சம் டேப் போடு."

"வேற ஏதாவது?"

"வேற ஒண்ணுமில்லை."

அவள் நாற்காலி போட்டு ஏறி மூலைக்கு டேப் ஒட்டினாள். நாற்காலி ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

அவளுடைய ஸ்கூட்டரில்தான் வீடு திரும்பினோம். இருபது நிமிஷம் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு சிக்னலில் நின்றோம். இரண்டிலும் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையில் தண்ணீர் மோட்டார் போட இறங்கி வந்தபோது அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "வேண்டிக்கோங்கக்கா," என்றாள். "எல்லாம் நல்லபடியா நடக்கும், போ," என்றேன்.

பிரிவுப் பொறுப்பாளர் என்ற முறையில் கடைசி பெஞ்சில் குழுவோடு உட்கார்ந்தேன். பேராசிரியர் நான் நினைத்தபடியே கண்ணாடியை ஏற்றினார், அட்டையைப் பார்த்தார், குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். என் உச்சி குளிர்ந்தது.

சின்னவள் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் இரண்டு தாள் முன்னால் நின்று பார்த்ததை எழுதச் சொன்னாள். பத்து நிமிஷம் கழித்து, ஆரம்பம் அட்டையிலிருந்து வரிசையாகக் கதை சொல்லச் சொன்னாள். முதல் குழு குடிசையைச் சொன்னது. இரண்டாவது மலையைச் சொன்னது. ஆற்றுப் பக்கத்துக் குழுவில் ஒரு கண்ணாடி போட்ட பெண் எழுந்து படத்தையே திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"மிஸ், இது தப்பா இருக்கு. எல்லாரும் நம்மளைப் பார்த்துல்ல வர்றாங்க? வண்டி, மாடு, நாய் எல்லாம் அந்தக் குடிசைப் பக்கம் பார்க்குது. வீட்டுக்குப் போறவங்க வீட்டைத்தானே பார்த்துப் போவாங்க?"

சின்னவள் சுவரைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். தான் எழுதிய அட்டையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. இனி இவள் சப்பைக்கட்டு கட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். நானாக இருந்தால் கட்டியிருப்பேன்.

"அட, ஆமா!" என்றாள். "இதை நான் கவனிக்கவே இல்லையே. அப்போ எந்தப் பக்கம் ஆரம்பம்?"

"தெரியலை மிஸ்."

"எனக்கும் தெரியலையே. எப்படிக் கண்டுபிடிக்கலாம்? படத்துலயே ஏதாவது சாட்சி இருக்கா பாருங்க."

முப்பத்தெட்டும் சுவரில் போய் விழுந்தன. யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஒருவன் மரத்தைக் கண்டுபிடித்தான்: பெரிய வீட்டு வாசலில் பச்சை, வழியில் பழுப்பு, குடிசையில் மொட்டை. ஒருத்தி நாயைக் கண்டுபிடித்தாள். வீட்டிலிருந்து ஆறு வரைக்கும் நாய் வண்டி பின்னாலேயே வருகிறது, ஆற்றைத் தாண்டியபின் ஒரு தாளிலும் இல்லை. "நாய் அந்தக் கரையிலயே நின்னுடுச்சு மிஸ்!" இன்னொருத்தி வண்டியிலிருந்த மூட்டைகளை எண்ணி, "இத்தனை சாமான் எடுத்துட்டுப் போறான்னா திரும்பி வர மாட்டா," என்றாள். சின்னவள் ஒவ்வொன்றுக்கும், "நிச்சயமா? காட்டு பார்ப்போம்," என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள். கடைசியில் எல்லோரும் கதவுப் பக்கம் ஓடி, பெரிய வீட்டிலிருந்து மாட்டோடு சேர்ந்து நடந்து வந்தார்கள். ஆறு வந்ததும் பேச்சு குறைந்தது. மலை வந்ததும் இன்னும் குறைந்தது. குடிசை தாண்டி அந்த வெறும் தாளுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"இவ வீட்டை விட்டுப் போயிட்டா மிஸ்," என்றாள் கண்ணாடிப் பெண்.

என் பக்கத்தில் அறக்கட்டளை அம்மாள் கைக்குட்டையைத் தேடினாள். பதினோரு வருஷத்தில் நான் பார்த்த வகுப்புகளில் அதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. அதை எடுக்கத் தெரிந்தவள் என் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் இருக்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. முந்தின நாள் நான் வாயைத் திறந்திருந்தால் அவள் ஒரு நல்ல, சாதாரண வகுப்பு எடுத்திருப்பாள். என் பொறாமையே அவளுக்கு ஏணி போட்டுக் கொடுத்துவிட்டது.

"நிஜமாவே எந்தப் பக்கம் ஆரம்பம்னு தெரிஞ்சவங்க ஒருத்தங்க நம்ம வகுப்புலயே இருக்காங்க," என்று சின்னவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "சொல்லுங்க மேடம்."

எழுந்தேன். "வலது பக்கம்தான் ஆரம்பம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். மணி அடித்தது.

தலைமையாசிரியை அறையில் குழு உட்கார்ந்தது. பேராசிரியர் முதலில் சின்னவளிடம் கேட்டார்.

"அட்டையை மாத்தி ஒட்டினது வேணும்னேவா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பயணம் அவளுடையது. அவளுக்கும் அது தெரியாமல் இல்லை.

"இல்லை சார். எனக்குத் தெரியாது. தப்பாதான் ஒட்டினேன். நேத்துச் சாயங்காலம் அக்காகூட வந்து எல்லாத்தையும் பார்த்தாங்க..."

வாக்கியத்தை முடிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது.

பேராசிரியரும் என்னைப் பார்த்தார். "நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை என்றால் பதினோரு வருஷத்துப் படிப்பும் குப்பை. "கவனிச்சேன்."

"பின்னே ஏன் சொல்லலை?"

எனக்கு அலுத்துவிட்டது. என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை. "பொறாமை சார்," என்றேன்.

இயக்குநர் குபீரென்று சிரித்தார். பேராசிரியர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அறக்கட்டளை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஓரகத்திகள்னா சும்மாவா!" என்றாள். தலைமையாசிரியை தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அத்தனை பேர் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. கையில் அந்த இரண்டு மஞ்சள் அட்டைகளையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பயிற்சியாளர்னா இதுதான்," என்றார் பேராசிரியர். "ஆசிரியர் ஒரு தப்பு பண்றதைப் பார்த்துட்டு, அது பிள்ளைங்களுக்கு நல்ல கேள்வியாகும்னு நம்பி, வாயை மூடிட்டு இருக்கறது லேசான காரியமில்லை. நாமெல்லாம் முந்திரிக்கொட்டை மாதிரி ஓடிப் போய்த் திருத்திடுவோம்."

நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டவும் இல்லை. ஆட்டாததே பணிவாகத் தெரிந்திருக்கும்.

பத்து நாளில் கடிதம் வந்தது. பயணம் எனக்கு. 'தன் ஆசிரியர்களைத் தாங்களாகவே கண்டடைய விடும் முதிர்ச்சி' என்று காரணம் எழுதியிருந்தார்கள். இயக்குநருக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன்: அன்றைக்கு நான் சொன்னது விளையாட்டில்லை, அந்த இடம் அவளுக்குச் சேர வேண்டியது. இரண்டு நாள் அதை அனுப்பாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அழித்துவிட்டேன். எனக்குப் போக வேண்டும் போலிருந்தது. பதினோரு வருஷம் ஆசைப்பட்டதை ஒரு வகுப்பு பார்த்ததற்காக விட்டுக்கொடுக்கிற மனசு எனக்கு இல்லை.

வீட்டில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவள் மாடிக்கு வந்தாள். அவளுடைய சக்கரப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"உங்க பெட்டியோட சக்கரம் ஒண்ணு சிக்குதுன்னு அத்தை சொன்னாங்க. இதை எடுத்துட்டுப் போங்க. நல்லா ஓடும்."

உள்ளே ஒரு கம்பளிச் சட்டையும் மடித்து வைத்திருந்தாள். "சின்னவளே, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. நீங்க அட்டையைப் பார்த்தது, டேப் போடுன்னு சொன்னது, எல்லாத்தையும் வரிசையா யோசிச்சுப் பார்த்துட்டேன்." குரல் உயரவில்லை. சட்டையின் கையை நீவி விட்டுக்கொண்டே பேசினாள். "அதுகூட எனக்குப் பெருசா இல்லை. பொறாமை யாருக்குத்தான் இல்லை? கேட்டாங்க, உண்மையைச் சொன்னீங்க. சொன்னதும் எனக்கு மனசு லேசாகிடுச்சு, நிஜமா. சரி, இப்ப இவங்க எழுந்து, நான் நிஜமாத்தான் சொல்றேன்னு சொல்லப் போறாங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். நீங்க என்னடான்னா அவங்களோட சேர்ந்து சிரிச்சீங்க."

அவள் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"பத்திரமா போயிட்டு வாங்க. பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன், அண்ணனுக்கும் சாப்பாடு கீழேயே. இங்க எதைப் பத்தியும் கவலைப்படாதீங்க." கதவுவரை போனவள் நின்றாள். "ஒண்ணே ஒண்ணு. இனிமே என் வகுப்புக்கு வராதீங்கக்கா."

போனேன். மூன்று வாரம். ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் நிஜச் சுருள் ஒன்று ஒரு கை நீளம் விரிந்து கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். வழிகாட்டி, கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு வலம் எது, இடம் எது என்று தெரியும். என்னோடு மாட்டுக்குப் பக்கத்தில் நடந்து வர அங்கே ஒருவரும் இல்லை.

திரும்பி வந்தபின் வாழ்க்கை பழையபடிதான். தண்ணீர் மோட்டாரை அவள் ஒரு நாள், நான் ஒரு நாள் போடுகிறோம். மாமியாரின் கண் சொட்டு மருந்தைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அவள் என்னை அக்கா என்கிறாள், முகம் கோணுவதில்லை. மையத்தில், பள்ளிகளைப் பார்வையிடும் பட்டியலில் அவள் பள்ளி வரும்போதெல்லாம் நான் வேறு ஒருவர் பெயரை எழுதிவிடுகிறேன். இயக்குநர் ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டு ஆளுங்க, நான் போனா நல்லா இருக்காது," என்றேன். நல்ல நேர்மை என்று பாராட்டினார்.

போன வாரம் எங்கள் வேன் ஓட்டுநர் அவள் பள்ளிக்குப் பெட்டி கொண்டுபோனார். பதினொரு மணிக்குத் திரும்ப வேண்டியவர் ஒரு மணிக்கு வந்தார். நான் கடுகடுவென்று கேட்டேன்.

"மன்னிச்சுக்கங்க மேடம். பெட்டியை வச்சுட்டுக் கிளம்பலாம்னுதான் பார்த்தேன். டீச்சரம்மா, உட்காருங்கண்ணே, பார்த்துட்டுப் போங்கன்னாங்க. ஒரு பீரியடுன்னு உட்கார்ந்தேன், ரெண்டு பீரியடு ஓடிடுச்சு." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் மலர்ச்சி. "நான் எட்டாவதோட நின்னவன் மேடம். அங்க ஒரு கேள்விக்கு நான்கூட கை தூக்கினேன்."

"என்ன கேள்வி?"

சொல்ல முயன்றார். கொரியா என்றார், ஒரு ராஜா என்றார், பிள்ளைகள் எல்லாம் ஏதோ ஒன்றுக்கு ஒரே நேரத்தில் எழுந்து நின்றதாகச் சொன்னார். முன்னும் பின்னுமாக இடறினார். நான் பேனாவை வைத்துவிட்டு, "அப்புறம்? அவ என்ன சொன்னா? பிள்ளைங்க எதுக்கு எழுந்து நின்னாங்க?" என்று அவரைக் குடைந்துகொண்டே இருந்தேன். எட்டாவது படித்த அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

அவர் கையை விரித்தார். "சொன்னா வர மாட்டேங்குது மேடம். நேர்ல பார்த்தாதான். நீங்க ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்களேன். உங்க வீட்டு ஆளுதானே, உங்களை யாரு தடுக்கப் போறா?"

பெட்டி கொடுத்ததற்கான ரசீதை நீட்டினார். அதில் அவள் கையெழுத்து இருந்தது. நான் வாங்கிக் கோப்பில் வைத்தேன்.